மண்ணரிப்பும் கான் பராமரிப்பும்

அறுபத்திரண்டாம் வருஷத்தில், மலைநாட்டிலேயே மிகச் சிறந்த கான் பராமரிப்புப் படம் என்று பரிசு வாங்கியது நான் எடுத்த படம்தான். சிரிக்காதீங்க பிள்ளைகளா. முழுசையும் கேட்டுவிட்டு மொத்தமாகச் சிரித்துக் கொள்ளலாம். என் சினிமா வாழ்க்கை நாலு பிலிம் சுருள் நீளம். அதில் உருப்படியாக விழுந்தது அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தையும் நான் எடுக்கவில்லை, அது தானாக விழுந்தது. அதனால் ரொம்ப நேரம் ஆகாது.

கான் என்றால் தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக் கொண்டு போகாமலிருக்கப் பாதையோரமாக வெட்டி விடுகிற வாய்க்கால். நான் அதைப் படம் எடுக்கப் போகவே இல்லை. காளியாயிக்காகப் போனேன்.

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் எங்கள் தோட்டம். காளியாயி லயத்தில் எனக்கு அடுத்த காம்பரா, அதாவது அடுத்த அறை. நாற்பது வயசுக்காரி, எங்கள் மலையில் அவளை முந்திக் கொழுந்து எடுக்க ஆள் கிடையாது. ஒருநாள் நிறைகூடையோடு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு நடந்து கொண்டிருந்தாள். எதிரே துரையின் தொப்பி தெரிந்தது. தொப்பி தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, பால் குடிக்கிறபோதே வந்துவிடும். பாதையை விட்டு இறங்கிக் கானுக்குள் நின்று, தரையைப் பார்க்க வேண்டும். குடை இருந்தால் மடக்க வேண்டும். மழை பெய்தாலும் மடக்க வேண்டும். காளியாயி இறங்கினாள். பாசி வழுக்கியது. கூடையோடு விழுந்ததில் இடுப்பு போய்விட்டது. துரை ஐயோ பாவம் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் மேல் குற்றமில்லை, அவர் பார்க்கவே இல்லை. தொப்பி போய்க்கொண்டே இருந்தது.

எங்கள் கண்டாக்கையா செல்லசாமி, மலை வேலையெல்லாம் மேற்பார்க்கிற பெரிய உத்தியோகத்தர், அன்றைக்கே அறிக்கை எழுதினார்: "மேற்படி பெண் கவனக் குறைவாக விழுந்து கானின் கரையைச் சேதப்படுத்தினாள்."

அதற்கப்புறம் காளியாயி காம்பராவுக்குள் படுத்த படுக்கை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்து, அவளுக்குக் கதை சொல்லுவேன். படத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொல்லுவேன். ஒருநாள் அவள் சொன்னாள்:

"அம்மாக்கண்ணு, தொரை வர்றப்ப ஒருத்தி எறங்காம நிக்கிற மாதிரி ஒரு கத சொல்லேன்."

சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். அவள் கூரை மோட்டைப் பார்த்துக் கொண்டே கேட்டாள். முடிந்ததும், "நம்ப முடியலடி," என்றாள். "காதால கேக்குற சங்கதி இல்ல இது. கண்ணால பாக்கணும். பொய்யா நின்னாலும் சரி, ஒருத்தி நிக்கிறத ஒருவாட்டி பாத்துடணும்."

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் டைரக்டர் ஆனேன். வேற தகுதி எதுவும் என்னிடம் அன்றைக்கும் இல்லை, பின்னாலும் வரவில்லை.

ஹட்டனில் மஃறூப் நானா ஸ்டூடியோ வைத்திருந்தார். ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் சினிமா கேமரா ஒன்றை எடுத்து வைத்திருந்தார். கடிகாரத்துக்குக் கொடுக்கிற மாதிரிச் சாவி கொடுக்க வேண்டும், ஒரு தரம் முறுக்கினால் அரை நிமிஷம் ஓடும், சத்தம் பதியாது. அதை வைத்து அவர் ஒரே ஒரு கலியாணம் எடுத்தார். அதில் மாப்பிள்ளைக்கும் தலை இல்லை, மாமனாருக்கும் தலை இல்லை. அதோடு வெறுத்துவிட்டார்.

"கொண்டு போ புள்ள," என்றார். "ஆனா திருப்பித் தர்றப்ப லென்சில ஒரு விரல் ரேகை இருக்கப்படாது. சொல்லிட்டேன்."

கேமரா கிடைத்துவிட்டது. சுருள்தான் கிடைக்கவில்லை. வெளிநாட்டுச் சாமானுக்கெல்லாம் கட்டுப்பாடு போட்ட காலம். தோட்டத்து ஆட்கள் படமெடுக்க விரும்பினால் நுவரெலியாவில் ஒரு குழு இலவசமாகச் சுருள் கொடுக்கிறது என்றார் நானா. தோட்டப்புறக் கலைப்பட அபிவிருத்திக் குழு. ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் போனேன். செயலாளர் முத்துலிங்கம் ஐயா கழுத்துப்பட்டியோடு உட்கார்ந்திருந்தார். குழு தொடங்கி மூன்று வருஷமாம், விண்ணப்பத்தோடு உள்ளே வந்த முதல் ஆள் நான்தானாம். அதனால் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார்.

"படத்தின் வகை என்ன?"

"கதைங்க ஐயா."

"கதை என்று ஒரு வகை இங்கே இல்லை. மூன்றே வகைதான். சுகாதாரம். கோழி வளர்ப்பு. மண்ணரிப்பும் கான் பராமரிப்பும்."

"ஒரு பொம்பள பாதையில நிக்கிறாங்க ஐயா. அவ்வளவுதான் படம்."

"யாராவது கை கழுவுகிறார்களா?"

"இல்லீங்க."

"கோழி வருகிறதா?"

"வராதுங்க."

"கான்?"

"பாதையோரத்துல கான் இருக்குங்க."

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா," என்று முத்துலிங்கம் ஐயா சந்தோஷமாக முத்திரை குத்தினார்.

கான் என்று போட்டதால் துரையின் அனுமதி ஒரே நாளில் வந்துவிட்டது. துரைக்குக் கான் என்றால் உயிர். நாலு சுருள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம் கூட ஓடாது. எனக்கு வேண்டியது அரை நிமிஷம். இருந்தாலும் நாலு இருக்கிறதே என்று பொம்பளைகள் பொங்கலுக்குப் புதுச்சீலை வாங்கின மாதிரித் தடவித் தடவிப் பார்த்தோம்.

முதல் சுருள் ஆரம்ப விழாவில் போனது. சுருள் கொடுத்த குழு, தான் சுருள் கொடுத்ததைப் படமெடுக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. முத்துலிங்கம் ஐயா, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் குத்துவிளக்கேற்றி, கேமராவுக்குச் சாமந்தி மாலை போட்டார். மாலையைக் கழற்றச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "கலை என்பது மக்களிடமிருந்து வரவேண்டும்," என்று பேசினார். "அது சரியான வழியாக, உரிய படிவத்தில், எங்கள் மேசைக்கு வரவேண்டும். வந்தால் நாங்கள் அதைத் தடுக்க மாட்டோம்." சுருளைக் கழுவிப் பார்த்தபோது அவர் முகம் பூராவும் சாமந்தி இதழ்.

இரண்டாவது சுருளை எங்கள் சங்கப் பிரதிநிதி பொன்னையா எடுத்துக் கொண்டார். தொழிலாளியைப் பற்றிப் படம் என்றால் தொழிலாளியின் தலைவர் இல்லாமல் எப்படி? வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. கல்லின் மேலே ஏறி நின்று பேசினார்.

"தோழர்களே! எவனுக்கும் முதுகு வளைக்கிற காலம் போய்விட்டது! நாம் தலை நிமிர்ந்து நிற்போம்! நிற்கச் சொல்லி நான் தலைமைக் காரியாலயத்துக்கு எழுதியிருக்கிறேன்! பதில் வந்ததும் நிற்போம்!"

"தலைவருங்களே," என்றேன், "இந்தக் கேமராவுல சத்தம் விழாதுங்க."

"பரவாயில்லம்மா. என் வாயைப் பாத்தே ஜனங்க புரிஞ்சிக்குவாங்க."

சாவி தீரத் தீர முறுக்கிக் கொண்டே இருந்தேன். சுருள் தீர்ந்த பிறகும் அவர் பேசிக் கொண்டிருந்தார். ஓடாத கேமராவைக் கண்ணில் வைத்துக் கொண்டு நானும் நின்றேன். மரியாதைக்கு.

மூன்றாவது சுருளைக் கண்டாக்கையா கேட்டார். பொம்பளைகள் எல்லாரும் நல்ல சீலை கட்டி, பூ வைத்து, சிரித்துக் கொண்டே கொழுந்து எடுக்கிற காட்சி வேண்டுமாம். "அட்டை கடிச்சா சிரிச்சிக்கிட்டே தட்டி விடணும், ஆமா!" என்று கொழுந்து மட்டம் பார்க்கிற மட்டக்கம்பை ஆட்டிக் கொண்டு வழி சொன்னார். அன்றைக்கு வெயில் என்ன வெயில்! எங்கள் மலை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. படத்திலும் பார்க்கவில்லை. லென்ஸ் மூடியை நான் கழற்றவே இல்லை என்பது ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. மூன்று நிமிஷம் சுத்தமான இருட்டு. இதற்கு அதிகாரிகள் யார் மேலும் நான் பழி போட முடியாது.

ஆக ஒரே ஒரு சுருள் மிச்சம். அதில்தான் காளியாயிக்கு வேண்டிய அரை நிமிஷம் விழவேண்டும்.

கதாநாயகி நாகலெட்சுமி. நாங்கள் நாகு என்போம். எங்கள் தோட்டத்திலேயே வாய்த்துடுக்கு அவளுக்குத்தான். கண்டாக்கையா அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளத்தை வெட்டினால், அவர் வீட்டுச் சமையல்வரைக்கும் இழுத்துப் பேசிவிட்டு வருவாள். துரையாக நடித்தது சின்னத்தம்பி அண்ணன். பங்களா உடுப்பெல்லாம் வெளுக்கிறவர் அவர், அதனால் உடுப்புச் செலவே இல்லை. திங்கட்கிழமை தோய்த்ததை வியாழக்கிழமை பெட்டி போட்டுத் தேய்க்கிறதுக்குள்ளே படத்தை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். தொப்பி, பங்களாத் தோட்டத்தில் கிளியை விரட்டக் கம்பில் மாட்டி வைத்திருந்த பழைய தொப்பி. சப்பாத்துக்குத்தான் வழியில்லை. சின்னத்தம்பி அண்ணன் பிறந்ததிலிருந்து சப்பாத்துப் போட்டதில்லை. கணுக்கால் வரைக்கும் அடுப்புக்கரியும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசிவிட்டோம். தூரத்திலிருந்து பார்த்தால் சப்பாத்து மாதிரியே இருந்தது. கிட்டத்தில் பார்த்தால் கரி பூசின கால் மாதிரி இருந்தது.

புதன்கிழமை காலை ஒத்திகை. அண்ணன் வளைவிலிருந்து நடந்து வருவார். நாகு நடுப்பாதையில் நின்று, "இது நான் நடக்குற பாதைங்க. நீங்க வேணா எறங்கிக்குங்க," என்று சொல்லவேண்டும்.

அண்ணன் வந்தார். நாகு கானுக்குள் நின்றாள்.

"என்னாடி பண்றே?"

"நான் எங்கக்கா பண்றேன்? காலு பண்ணுது."

தொப்பியைக் கழற்றிவிட்டு வரச் சொன்னேன். நாகு மலைமாதிரி நின்று, வசனத்துக்கு மேலேயும் நாலு வார்த்தை கேட்டாள். தொப்பியைப் போட்டு வரச் சொன்னேன். கானுக்குள் இருந்தாள். ஆளே வேண்டாமென்று தொப்பியை மட்டும் கம்பில் மாட்டிப் பாதையில் நட்டுப் பார்த்தோம். தொப்பியைக் கடந்து போக அவளால் முடியவில்லை. ஆறு தரம் ஆயிற்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னாடி இது, ஒரு பழந்தொப்பிக்கு! இங்க பாரு, நான் நின்னு காட்டுறேன்."

நடுப்பாதையில் இடுப்பில் கை வைத்து நின்றேன். அண்ணன் வந்தார். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று கீழே பார்த்தேன். முழங்கால் வரைக்கும் தண்ணீர். எப்போது இறங்கினேன் என்று சத்தியமாகத் தெரியாது.

"எறங்கினாலும் மொகத்துல நல்ல தைரியங்கா," என்றாள் நாகு.

அந்த நேரம் பார்த்துப் பொன்னையா தலைவர் படப்பிடிப்பைப் பார்க்கக் கீழ்ப் பாதையில் ஏறி வந்தார். தொப்பியைக் கண்டார். குடை தானாக மடங்கியது, வெள்ளை வேட்டி கானுக்குள் இறங்கியது. "குட் மார்னிங் சேர்," என்றார் சேற்றைப் பார்த்துக் கொண்டே.

"நான்தாங்க தலைவரே, சின்னத்தம்பி," என்றார் அண்ணன் பயந்து போய்.

தலைவர் நிமிர்ந்தார். "தெரியும். ஒத்திகை எப்படி நடக்குதுன்னு பரிசோதிச்சேன்."

அவர் கரையேறுவதற்குள் முத்துலிங்கம் ஐயா கோப்புக்கட்டோடு வந்தார். அவரும் தொப்பியைப் பார்த்தார். அவரும் இறங்கினார், கோப்பு நனையாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கொண்டு. விஷயம் தெரிந்ததும், "கானின் ஆழம் அங்கீகரிக்கப்பட்ட அளவில் இருக்கிறதா என்று நேரில் பார்ப்பது என் கடமை," என்றார். அவர்களைத் தேடி வந்த கண்டாக்கையா காரணமே கேட்கவில்லை. இரண்டு பெரிய மனிதர்கள் கானுக்குள் நிற்பதைப் பார்த்ததும் மூன்றாவதாகத் தானும் இறங்கிக் கொண்டார்.

இதையெல்லாம் நான் படம் எடுத்திருந்தால் இன்றைக்கு என் பேர் எங்கேயோ இருந்திருக்கும். சுருளை வீணாக்கக் கூடாதென்று லென்ஸைப் பொத்திக் கொண்டு நின்றேன். இப்போது மட்டும் மூடியை மறக்கவில்லை.

நாகுதான் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக் கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அக்கா, சாவிய முறுக்கு. இப்ப நிப்பேன். அந்தத் தொப்பிக்குள்ள சின்னத்தம்பி அண்ணன் தலதான்னு இப்பத்தான் என் காலுக்குப் புரிஞ்சிச்சு."

அண்ணனை வளைவுக்கு அனுப்பினேன். பெரிய மனிதர்கள் மூவரும் கேமராவுக்கு மறைவாக ஓரமாக ஒதுங்கிக் கொண்டார்கள். பனி மூட்டம் இறங்கி வந்தது. அதுவும் நல்லதுதான், கரிக்கால் தெரியாது என்று நினைத்தேன். மூடியைக் கழற்றி, சாவியை முழுசாக முறுக்கினேன். வளைவில் தொப்பி தெரிந்தது. விசையை அமுக்கினேன்.

தொப்பி பனிக்குள்ளிருந்து வந்தது. காக்கி வந்தது. அண்ணன் நடை இன்றைக்கு என்ன எடுப்பாக இருக்கிறது என்று எனக்குப் பெருமை. பிறகு கண்ணாடி வழியாகக் காலைப் பார்த்தேன். கரி இல்லை. சப்பாத்து. கயிறு கட்டின, பளபளக்கிற, நிஜச் சப்பாத்து.

நான் கத்தியிருக்கலாம். "நாகு, எறங்குடி!" என்று ஒரு சத்தம் போதும். அதற்குள் என் கால் தன் வேலையைப் பார்த்துவிட்டது. கேமராவோடு நான் கானுக்குள் கிடந்தேன். பக்கத்தில் சங்கம், குழு, கண்டாக்கு மூன்றும் வரிசையாகத் தலைகுனிந்து நின்றன. கேமரா கான் கரையில் பக்கவாட்டில் விழுந்து, அதுபாட்டுக்குக் கிர்ரென்று ஓடிக் கொண்டிருந்தது.

நாகு நின்றாள்.

"இது நான் நடக்குற பாதைங்க," என்றாள் கணீரென்று. "நீங்க வேணா எறங்கிக்குங்க."

சப்பாத்து நின்றது. இத்தனை வருஷத்தில் துரைக்கு இப்படி ஒன்று நடந்ததில்லை. நடந்தால் என்ன செய்வதென்று அவருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

"என்னாண்ணே மொறைக்கிறீங்க?" நாகு பல்லைக் கடித்துக் கொண்டு மெதுவாகச் சொன்னாள். "எறங்குங்க, ரீலு ஓடுது!"

சப்பாத்து இறங்கியது. முதலில் வலது, பிறகு இடது. கானுக்குள் இரண்டு எட்டு வைத்து, அவளைச் சுற்றிக் கொண்டு, மறுபடி பாதையில் ஏறி, பனிக்குள் போய்விட்டது. கேமராவின் சாவி தீர்ந்து சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் வளைவிலிருந்து சின்னத்தம்பி அண்ணன், தொப்பியைக் கையில் பிடித்தபடி, ஓட்டமும் நடையுமாக வந்தார். "மன்னிச்சிக்குங்க தாயி, தொரை வந்தாரு, தேயிலைக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டேன். இப்ப ஆரம்பிக்கலாமா?"

நாகு அவரைப் பார்த்தாள். பனியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே கண்டாக்கையா முறைப்பாடு எழுதிவிட்டார். துரையின் பாதையை மறித்த குற்றம். அது நிரூபணமானால் பத்துச்சீட்டு, அதாவது வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. நாகுவுக்குப் புருஷன் நெஞ்சுச்சளிக்காரன், இரண்டு பெண் பிள்ளைகள். காளியாயிக்கு ஒரு படம் காட்டப் போய், ஒரு குடும்பத்தையே தெருவில் நிறுத்தப் போகிறேன். சுருளைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டிவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். ஆனால் அது குழுவின் சொத்து என்று முத்துலிங்கம் ஐயா அங்கேயே அரக்கு வைத்துக் கொழும்புக்குக் கழுவ அனுப்பியிருந்தார். படம் வரட்டும், அதுதான் சாட்சி, அதுவரைக்கும் விசாரணையை ஒத்தி வைப்போம் என்று முடிவாயிற்று.

படம் வர ஆறு வாரம் ஆயிற்று, அத்தனை நாளும் நாகு என்னோடு பேசவில்லை. தேயிலை நிரையில் எனக்குப் பக்கத்தில்தான் கொழுந்து எடுத்தாள். பேசவில்லை.

விசாரணை ஆபீசில் நடந்தது. துரை மேசைக்குப் பின்னால். பொன்னையா நாகுவுக்காக வாதாட வந்திருந்தார். முத்துலிங்கம் ஐயா படம் காட்டுகிற மெஷினோடு வந்திருந்தார். நானும் நாகுவும் சின்னத்தம்பி அண்ணனும் சுவரோரம்.

"சொல்லு," என்றார் துரை கண்டாக்கையாவிடம். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும், மரியாதை மட்டும் வராது.

"தொரை பாதையில வந்தீங்க. இவ எறங்காம நின்னா."

"நான் என்ன செஞ்சேன்?"

"தொரை... போனீங்க."

"எப்படிப் போனேன்?"

"நல்லபடியா போனீங்க தொரை."

"அவ நடுவில நின்னா, நான் எந்தப் பக்கம் போனேன்?"

பொன்னையா எழுந்தார். "இந்தப் பெண்ணைத் தண்டிக்க சங்கம் ஒருநாளும் சம்மதிக்காது! அதே சமயம், தண்டித்தால் அதை எழுத்தில் தருமாறு சங்கம் தாழ்மையுடன் கேட்டுக் கொள்கிறது!" உட்கார்ந்தார்.

கதவைச் சாத்திப் படத்தை ஓட்டினார்கள். முதல் சுருளில் சாமந்தி. இரண்டாவதில் பொன்னையாவின் வாய் மூன்று நிமிஷம் திறந்து திறந்து மூடியது. மூன்றாவதில் இருட்டு, நான் என் பங்குக்குத் தரையைப் பார்த்தேன். நாலாவது வந்தது. பனி. தொப்பி. படம் கவிழ்ந்தது. வானம், தேயிலை, சேறு. பிறகு படுக்கை வாட்டில் ஒரு கான். அதன் கரையில் இரண்டு வெறுங்கால், வெடிப்பு விழுந்த குதிகால், அட்டை கடித்த தழும்பு, அசையவில்லை. எதிரே சப்பாத்து வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அப்புறம் இறங்கியது. சேறு தெறித்தது. சுற்றிக் கொண்டு ஏறிப் போயிற்று.

நல்லவேளை, சத்தம் பதியாத கேமரா.

"பாத்தீங்களா, தொரை சப்பாத்..." என்று துள்ளி எழுந்த கண்டாக்கையா பாதி வார்த்தையிலேயே நாக்கைக் கடித்துக் கொண்டார். கேட்டுக் கொண்டிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அது துரையின் சப்பாத்து என்றால், துரை ஒரு கொழுந்துக்காரிக்காகக் கானுக்குள் இறங்கியிருக்கிறார். அப்படி ஒன்று தோட்டத்தில் நடக்க முடியாது. நடக்க முடியாதது நடந்திருக்கவும் முடியாது.

"யார் சப்பாத்து?" என்றார் துரை, அமைதியாக.

கண்டாக்கையா அறையைச் சுற்றிப் பார்த்தார். "சின்னத்தம்பி சப்பாத்துங்க தொரை. நடிப்பு."

"உன் சப்பாத்தா?"

சின்னத்தம்பி அண்ணன் தன் வெறுங்காலை வேட்டிக்குள் இழுத்துக் கொண்டார். நாகுவைப் பார்த்தார். "ஆமாங்க தொரை. என்னுதுதான். வீட்டுல பத்திரமா வச்சிருக்கேன்."

"நல்ல சப்பாத்து."

"தொரை புண்ணியத்துலங்க."

அன்றைக்குத் தான் அந்தப் பாதைப் பக்கமே போகவில்லை என்று துரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். முறைப்பாடு தள்ளுபடி. எழுந்து போகும்போது அவர் விசாரணையில் முதல் தடவையாக நாகுவின் முகத்தைப் பார்த்தார். நாகு தரையைப் பார்த்துக் கொண்டிருந்தாள். பதிவேட்டில் ஏறிவிட்டதே என்று கண்டாக்கையா தன்னுடைய பழைய சப்பாத்து ஒரு சோடியை அண்ணனுக்கு அன்று சாயங்காலமே கொடுத்தனுப்பினார். அண்ணன் அதை ஒருநாளும் போடவில்லை. ஆயுத பூசைக்கு இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தனப் பொட்டு வைப்பார்.

முத்துலிங்கம் ஐயாதான் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் தண்ணீர். "மூன்று வருடம்," என்றார், "மூன்று வருடமாக இந்த வகையில் ஒரு படம் கூட வரவில்லை. கானின் குறுக்குவெட்டு இவ்வளவு தெளிவாக! அதன் ஆழத்தைக் காட்ட ஒரு மனிதனையே இறக்கியிருக்கிறார்கள்!" நாலாவது சுருளை மட்டும் வெட்டி எடுத்து, முதல் பரிசு கொடுத்துவிட்டார்கள். படத்தின் தலைப்பு, மண்ணரிப்பும் கான் பராமரிப்பும். மேற்பார்வை, முத்துலிங்கம். என் பேர் இல்லை. கானுக்குள் நான் கிடந்த இடத்துக்கு அது நியாயந்தான்.

பரிசுப் படத்தைத் தோட்டம் தோட்டமாகக் காட்ட வேண்டும் என்றும் விதி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் சன்னலுக்கெல்லாம் சாக்குத் தொங்கவிட்டு எங்களுக்குக் காட்டினார்கள். காளியாயியைக் கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கி வந்து முன்னால் வைத்தார்கள். நாகு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கண்டாக்கையா கதவில் நின்றார், யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க.

படம் ஓடியது. அரை நிமிஷம்.

சப்பாத்து இறங்கினபோது முந்நூறு பேர் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. எங்களுக்கு நாகுவின் காலைத் தெரியாதா? சின்னத்தம்பி அண்ணனுக்குச் சப்பாத்து இல்லை என்று தெரியாதா? ஒருவர் வாய் திறக்கவில்லை. திறந்தால் நாகுவின் காம்பரா போய்விடும்.

காளியாயி தலையைக் கொஞ்சம் தூக்கினாள். அந்தக் கானை அவளுக்குத் தெரியும். அவளை விட நன்றாக யாருக்குத் தெரியும்?

"கான் நல்லா வெட்டியிருக்கு," என்றாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இன்னொருவாட்டி போடச் சொல்லு."

இன்னொருவாட்டி போட்டார்கள். "கரையெல்லாம் எம்புட்டு சுத்தம்!" என்றது ஒரு குரல். "தண்ணி எப்பிடி ஓடுது பாரு!" என்றது இன்னொன்று. மூன்றாம் தரம், நாலாம் தரம். பதினோரு தரம் போட்டார்கள். நாகு ஒவ்வொரு தரமும் தன் காலையே பார்த்துக் கொண்டிருந்தாள், யாரோ ஒருத்தியின் காலைப் பார்க்கிற மாதிரி. எட்டாவது தரத்தில் என் பக்கம் திரும்பி, படப்பிடிப்புக்குப் பிறகு முதல் தடவையாக, "மொகத்தையும் சேத்து எடுத்திருக்கலாம்லக்கா," என்றாள்.

மற்ற தோட்டங்களிலும் அப்படித்தான். ஹட்டனிலிருந்து பட்டிப்பொல வரைக்கும் கான் படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "தொழிலாளர் மத்தியில் மண் பாதுகாப்பு உணர்ச்சி இவ்வளவு பொங்கி வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை," என்று குழு அறிக்கை எழுதியது. எனக்கு ஒரு கடிதம் வந்தது. இன்னும் நாலு சுருள் தருகிறோம், அடுத்ததாக உரக்குழி.

நான் எடுக்கவில்லை. கேமராவை மஃறூப் நானாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"விரல் ரேகை இல்ல நானா."

"சேறு கிடக்கே புள்ள!"

"அது படத்துல நடிச்ச சேறு, நானா."

அவர் அதைத் துடைக்காமலே கண்ணாடி அலுமாரியில் வைத்துவிட்டார்.

எங்களுக்குப் படம் காட்டின மறுநாள் திங்கட்கிழமை. விடிந்து பெரட்டு முடிந்து, கூடையோடு நாங்கள் முப்பது பேர் அதே பாதையில் ஏறிக் கொண்டிருந்தோம். வளைவில் தொப்பி தெரிந்தது. நாங்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் கானுக்குள் இறங்கினோம். நாகுவும் இறங்கினாள். உங்களிடம் பொய் சொல்லி என்ன பிள்ளைகளா, இறங்கினோம்தான்.

ஆனால் துரை எங்கள் முன்னால் வந்ததும் கொஞ்சம் நின்றார். கானைப் பார்த்தார், பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். அன்றைக்கு அந்த முப்பது பேரில் யாரும் தரையைப் பார்க்கவில்லை. நாங்களும் அவர் சப்பாத்தைத்தான் பார்த்துக் கொண்டிருந்தோம்.